எலும்புக் கொப்பியில் ஒரு பென்சில் புள்ளி

அபூதாஹிர் நானாவைப் பற்றி ஆராவது எழுதத்தான் வேணும். எழுதத் தெரிஞ்ச ஆக்கள் பெரிய டொக்டர்மாரைப் பற்றித்தான் எழுதுவினம். கிளினிக் கதவைத் திறந்து மூடுற மனுசனைப் பற்றி ஆர் எழுதப் போயினம்? அதுதான் நானே துவங்கியிருக்கிறன். எனக்குக் கதைக்கத்தான் வரும், எழுத வராது. கதைக்கிற மாதிரியே எழுதுறன், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கோ.

நான் திருகோணமலையில ஒரு ஆஸ்பத்திரியில நேர்ஸ். முகத்து எலும்பு உடைஞ்சு வாறாக்களைப் பாக்கிற கிளினிக் எங்கட. வீடு பாலையூற்று. அதால எல்லாருக்கும் நான் பாலையூற்று மிஸ்ஸி. நானா எண்டால் முஸ்லிம் ஆக்களின்ர பேச்சில அண்ணன்; அவர் மட்டும் என்னைத் 'தங்கச்சி' எண்டுவார். அவர் கிண்ணியா ஆள், சிற்றூழியர். ஐம்பத்தேழு வயசு, மெலிஞ்ச உடம்பு, சேர்ட் பொக்கற்றில எந்த நேரமும் ஒரு பேனையும் ஒரு துண்டுப் பென்சிலும் இருக்கும். விடிய முதல் பஸ்ஸில வந்து கதவைத் திறப்பார், கதிரையளை நேராப் போடுவார், பேர் கூப்பிடுவார், ட்ரொலி தள்ளுவார். சம்பளம் இந்த வேலைக்குத்தான். மிச்சம் எல்லாம் அவர் தானாத் தலையில தூக்கி வச்சது.

அந்த மிச்சத்தில பெரிசு எலும்புக் கொப்பி. முந்தி எங்கட பதிவுப் புத்தகத்தில, எப்பிடி உடைஞ்சது எண்ட இடத்தில எல்லாருக்கும் 'விபத்து' எண்டு ஒரே சொல்லைத்தான் கிளாக்கர் எழுதுவார். நானாவுக்கு அதைப் பாக்கப் பத்தி எரியும். "மாடு முட்டினதும் விபத்து, பஸ் அடிச்சதும் விபத்தா? என்ன எழுத்து இது?" எண்டு ஒரு நாள் சத்தம் போட்டார். அடுத்த நாள் பெரிய மட்டைக் கொப்பி ஒண்டைத் தானே கொண்டு வந்து, அடிமட்டம் வச்சுக் கோடு போட்டார். பேர், வயசு, ஊர், எந்த எலும்பு, எப்பிடி உடைஞ்சது. மோட்டார்சைக்கிள் எண்டால் இன்னும் ரெண்டு கோடு: ஓட்டினவரா, பின்னால இருந்தவரா, ஹெல்மெட் போட்டவரா, பட்டியைப் பூட்டினவரா. ஆக்கள் தங்கட முறைக்கு வாங்கில இருக்கேக்க பக்கத்தில குந்தி மெல்லமாக் கேட்டு எழுதுவார். டொக்டர் கேட்டால் சொல்லாத கதையெல்லாம் நானாவிட்டச் சொல்லுவினம்.

போகப் போக மனுசனுக்கு ஒரு விளையாட்டுப் பிடிச்சிட்டுது. ஆள் வாசலுக்கு வர முதலே முகத்தைப் பாத்து ஊரையும் காரணத்தையும் சொல்லுவார். ஒருக்கா கனகசுந்தரம் எண்டொரு வயல்காரர் தாடையைச் சால்வையால கட்டிக்கொண்டு வாறார். நானா என்ர காதுக்குள்ள, "தம்பலகாமம். எருமை" எண்டார். நான் நம்பேல்ல. போய்க் கேட்டால், எருமையைக் கட்டேக்க அது தலையை ஒரு உதறு உதறினதாம், கொம்பு நாடியில பட்டதாம். நானா கொப்பியை விரிச்சு வச்சுக்கொண்டு என்னைப் பாத்த பார்வை இருக்கே! ரெண்டு நாள் அவரோட கதைக்காமல் விட்டனான்.

உண்மையில அது மந்திரமில்லை. ஊருக்கு ஊர் முகம் உடையிற விதம் வேற வேறதான். கிண்ணியாப் பொடியளுக்கு மோட்டார்சைக்கிள், அதிலயும் நோன்பு காலத்தில நோன்பு திறக்கிற நேரத்துக்கு வீட்டுக்குப் பறக்கிற பறப்பு. மூதூர்ப் பக்கம் வள்ளத்து எஞ்சின் கயிறு. துறைமுகத்தில கப்பல் கயிறு அறுந்து வந்து அடிக்கிறது. தம்பலகாமத்தில உழவு மெசின், மாடு. ஈச்சிலம்பற்றில இருந்து ஒருத்தர் யானை எண்டு சொல்லிக்கொண்டு வந்தார். துருவிக் கேட்டால் யானை தொடவேயில்லை, யானையைக் கண்டு ஓடின ஓட்டத்தில மதகில விழுந்தவராம். நானா 'மதகு' எண்டுதான் எழுதினார். டவுனில கிரிக்கெட் பந்து. ஏப்ரல் மாசம் எண்டால் புதுவருச ஊஞ்சல்.

இந்தக் கொப்பி எங்கட டொக்டரின்ர கண்ணில பட்டதுதான் தாமதம், அவவுக்குப் புதையல் கண்ட மாதிரி. அவ வேற நாடுகளின்ர கணக்குகளை எடுத்து வச்சு இதோட ஒப்பிட்டுப் பாத்தா. ஒரு நாட்டில குடிச்சிட்டு அடிபட்டு உடையிறதுதான் கூடவாம். இன்னொரு நாட்டில வயசானாக்கள் வீட்டுக்குள்ள விழுந்து உடைக்கினமாம். எங்களை மாதிரி நாடுகளில றோட்டு, அதிலயும் ரெண்டு சில்லு வாகனம். எங்கை எண்டாலும் இளம் ஆம்பிளையள்தான் முன்னுக்கு. இதையெல்லாம் டொக்டர் சொல்ல நானா தலையைத் தலையை ஆட்டிக் கேப்பார். "அப்ப அந்த நாட்டுப் பொம்பிளையளுக்கு எப்பிடி உடையுது டொக்டர்?" எண்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். டொக்டர், "அங்கயும் வீட்டுக்குள்ளதான் அபூதாஹிர்" எண்டா.

அவர் ஏன் கேட்டவர் எண்டு எனக்குத் தெரியும். எலும்புக் கொப்பியில பொம்பிளையளின்ர பேருக்கு நேர ரெண்டு காரணம்தான் திரும்பத் திரும்ப வரும். ஒண்டு மோட்டார்சைக்கிள், பின்னால இருந்தவர். ஓட்டின பொம்பிளை எண்டு கிண்ணியாவில இருந்து ஒருத்தரும் அது வரைக்கும் இல்லை. மற்றது பாத்றூமில வழுக்கி விழுந்தது. இடது கன்னம் உள்ளுக்குப் போய், கண் இரத்தமாச் சிவந்து, முழங்கையில ஒரு கீறல் கூட இல்லாமல், பக்கத்தில புருசன் ஒட்டிக்கொண்டு நிக்க, "பாத்றூமில வழுக்கிட்டன்" எண்டுவினம். எதிர நிண்டு வலது கையால அடிச்சால் இடது கன்னத்திலதான் விழும். அதுக்குப் பெரிய படிப்பு வேண்டாம்.

அப்பிடி ஆள் வந்தால் நானா சொன்னதை அப்பிடியே எழுதிப்போட்டு, பக்கத்தில பென்சிலால ஒரு சின்னப் புள்ளி வைப்பார். பிறகு புருசனைப் பாத்து வலு மரியாதையாச் சொல்லுவார்: "தம்பி, இந்தப் பதிவுப் போமை ரெண்டு போட்டோகொப்பி எடுத்திட்டு வாங்க, கேட்டுக்கு வெளிய கடை இரிக்கு." எங்களுக்கு எந்தப் போட்டோகொப்பியும் தேவையில்லை. கடைக்குப் போய் வரப் பத்து நிமிசம். அந்தப் பத்து நிமிசத்தில நான் அந்தப் பிள்ளையை உள்ளுக்குக் கூட்டிக்கொண்டு போய் கதவைச் சாத்திப்போட்டுக் கேப்பன். சிலர் சொல்லுவினம், சிலர் சொல்லமாட்டினம். சொன்ன ஆக்களுக்கு எங்க போறது, ஆரைப் பிடிக்கிறது எண்டு நான் வழி காட்டுவன். எங்கட அலுமாரிக்குள்ள ஒருத்தருக்கும் பயனில்லாத போட்டோகொப்பி ஒரு கட்டுக் கிடக்கு. சின்ன ஆள், சின்ன வேலை எண்டு நினைக்கிறாக்கள் அந்தக் கட்டை ஒருக்கா வந்து பாக்கலாம்.

இனி அவற்ற வீட்டுக் கதை. நானாவுக்கு ஒரே ஒரு மகள், ரிஸ்னா. அவையின்ர ஊர் வழக்கப்படி மகளுக்கு வீடு கட்டிக் குடுத்துத்தான் கலியாணம். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து இருப்பார். மாப்பிள்ளை ஸஜ்ஜாத், மூதூர்ப் பிள்ளை, டவுனில பிறிட்ஜ், ஏசி திருத்துற வேலை. கலியாணம் பேசேக்க மாப்பிள்ளை பக்கத்தில ஆரோ மோட்டார்சைக்கிள் கதையை எடுத்தவையாம். நானா எழும்பி நிண்டு, "வீடு தாறன், கிணறு தாறன், மோட்டார்சைக்கிள் மட்டும் கேக்கப்படாது. அத வாங்கித் தந்துட்டு நானே கொப்பியில எழுத ஏலாது" எண்டாராம். மகளுக்கும் சின்ன வயசில இருந்து அதே சட்டம். ரெண்டு சில்லில ஏறப்படாது, ஓட்டவும் படாது, பின்னால இருக்கவும் படாது. "ஏறினா என்ட புள்ள இல்ல" எண்டு அவர் சொன்னதை நானே கேட்டிருக்கிறன். நொறுங்கின தாடையளை இருபத்தாறு வருசம் பாத்த மனுசன், அதைப் பிழை எண்டு சொல்லவும் ஏலாது.

போன வருசம் ஒரு வியாழக்கிழமை. கிளினிக் நிறையச் சனம். நானா பேர் கூப்பிட்டுக்கொண்டு நிக்கிறார். வாசலில ஸஜ்ஜாத், அவன்ர தோளைப் பிடிச்சுக்கொண்டு ரிஸ்னா. இடது கன்னம் தட்டையாப் போயிருக்கு. இடது கண் வீங்கி மூடிட்டுது, இமைக்குக் கீழ ஊதாக் கண்டல். நானாவின்ர கையில இருந்த பேர்த் துண்டுகள் நிலத்தில விழுந்ததை நான் கண்டனான். "என்ன மகள் இது?" எண்டு அவர் கேக்க, அவள் நிலத்தைப் பாத்துக்கொண்டு, "பாத்றூம்ல வழுக்கிட்டன் வாப்பா" எண்டாள்.

என்ர அம்மாளாச்சி! வேற எதையாவது சொல்லியிருக்கக்கூடாதோ அந்தப் பிள்ளை. படியில விழுந்தன் எண்டிருக்கலாம், தேங்காய் விழுந்தது எண்டிருக்கலாம்.

நானா போய்க் கொப்பியை எடுத்தார். ரிஸ்னா, இருபத்தெட்டு, கிண்ணியா, இடது கன்ன எலும்பு, பாத்றூமில வழுக்கி விழுந்தது. தன்ர மகளுக்குத் தானே எழுதினார். எழுதி முடிச்சுப் பேனையை வச்சிட்டு, பென்சிலை எடுத்துப் புள்ளி வச்சார். பிறகு மருமகனைப் பாத்து அதே மரியாதையோட, "இந்தப் போமை ரெண்டு போட்டோகொப்பி எடுத்திட்டு வாங்க" எண்டார். ஸஜ்ஜாத் ஒரு சொல்லும் கேளாமல் போமை வாங்கிக்கொண்டு போனான். மாமனாரின்ர முகத்தை அவன் நிமிர்ந்து பாக்கேல்ல. நான் அதையும் ஒரு குறியா மனசில வச்சனான், இப்ப நினைச்சால் வெக்கமாயிருக்கு.

உள்ளுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினன். "ரிஸ்னா, நான் உன்ர மாமி மாதிரி. உண்மையைச் சொல்லு. ஸஜ்ஜாத் கை வச்சவனோ?" எண்டு கேட்டன். "இல்ல மிஸ்ஸி, அல்லாஹ் மேல ஆணையா இல்ல" எண்டாள். எல்லாரும் அப்பிடித்தானே சொல்லுவினம்! பிறகு "மிஸ்ஸி, வாப்பாட்ட…" எண்டு துவங்கினாள். அந்த நேரம் பாத்து எக்ஸ்ரேக்குக் கூட்டிக்கொண்டு போக ஆள் வந்திட்டுது. அவள் வாயை மூடினவள்தான். பிள்ளை பயந்துபோய் இருக்கிறாள் எண்டு நான் நானாவிட்டச் சொன்னன். அது உண்மைதான், அவள் பயந்துதான் இருந்தாள்.

நானா ஸஜ்ஜாதை ஆஸ்பத்திரிக் கேட்டடியில மறிச்சார். நான் தூரத்தில நிண்டனான். மகள் வீட்டுக்குள்ள அவன் இனிக் கால் வைக்கப்படாது எண்டார். "நான் அடிக்கல்ல மாமா" எண்டான் அவன். "அப்ப எப்பிடி உடைஞ்சது?" எண்டால், "அவட்ட கேளுங்க" எண்டான். பிறகு மூதூருக்குத் தாயின்ர வீட்டுக்குப் போயிட்டான். வார்ட்டில இருந்த மகளின்ர போனை வாங்கி வச்சுக்கொண்டு, ஸஜ்ஜாதுக்கு வேலை கூட, வரமாட்டார் எண்டு நானா அவளிட்டச் சொல்லி வச்சார்.

வீக்கம் வத்தின பிறகுதான் ஒப்பரேசன், அடுத்த புதன்கிழமை எண்டு டொக்டர் நாள் குறிச்சா. அந்த ஆறு நாளும் நானா பேயறைஞ்ச மாதிரித் திரிஞ்சார். வாங்கில இருக்கிறாக்களிட்ட ஊர் கேக்கேல்ல, பகிடி விடேல்ல. நான் கொண்டு போய்க் குடுத்த தேத்தண்ணி ஆறி ஆடை படிஞ்சு கிடந்தது. "ஊரான் புள்ளையளுக்கு எல்லாம் புள்ளி வச்சன் தங்கச்சி. என்ட வீட்டுக்குள்ள நடந்தத நான் காணல்ல. அடுத்த வளவுதானே, ஒரு சத்தம் கூடக் கேக்கல்லியே" எண்டார். புதன்கிழமை மகளின்ர ஒப்பரேசன் முடிய, முஸ்லிம் கலியாண வழக்குப் பாக்கிற காதியாரைச் சந்திச்சு மகளைப் பிரிச்செடுக்க எழுதிக் குடுக்கிறது எண்டு முடிவு. கடிதத்தையும் தானே எழுதிப் பொக்கற்றில வச்சிருந்தார். எனக்கும் அதுதான் சரி எண்டு பட்டது. நல்லாச் செய்யுங்கோ நானா எண்டு உசார் குடுத்ததும் நான்தான், மறைக்க மாட்டன்.

புதன்கிழமை காலமை தியேட்டருக்கு ஆயத்தப்படுத்த நானே வார்ட்டுக்குப் போனன். ஆரிட்டயும் விட மனமில்லை. மோதிரம், காப்பு எல்லாம் கழட்டி, அங்கியை மாத்த உதவி செய்யேக்கதான் அவளின்ர உள்ளங்கையளைக் கண்டனான். ரெண்டிலயும் காய்ஞ்ச உரசல். வலது முழங்காலிலயும் அதே. வார்ட்டுப் பிள்ளையள் கண்டிருப்பினம், விழுந்த ஆளுக்கு உரசல் இருக்கிறது அவைக்குப் புதினமே? ஆனா நான் நானாவோட பதினேழு வருசம் வேலை செய்த ஆள். கையை லைற்றுக்குக் கிட்டப் பிடிச்சுப் பாத்தன். பொருக்குக்குள்ள கறுப்புக் கறுப்பாச் சின்னக் கல்லு.

"ரிஸ்னா" எண்டன். "உங்கட பாத்றூமுக்கு ஆர் தார் போட்டது?"

அவள் கையை இழுத்தாள். பிறகு அழத் துவங்கினாள். அழுகையோட கதை முழுக்க வந்தது.

அவளுக்குப் பள்ளிக்கூடத்தில படிப்பிக்கிற வேலை கிடைச்சிருக்கு. பள்ளிக்கூடம் பதினாலு கிலோமீற்றர் தள்ளி, நேரத்துக்கு ஒரு பஸ் கிடையாது. ஒவ்வொரு நாளும் ஓட்டோ பிடிக்க ஏலாது. ஸஜ்ஜாத் பழைய ஸ்கூட்டி ஒண்டு வாங்கித் தன்ர கூட்டாளி வீட்டில விட்டிருக்கிறான். விடியச் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு, வாப்பா முதல் பஸ்ஸில ஏறின கையோட, ரெண்டு பேருமாப் போய் ஆத்தோரத்து றோட்டில பழகியிருக்கினம். ரெண்டு கிழமையா நல்லா ஓடினாளாம். அந்த வியாழக்கிழமை ஒரு மாடு குறுக்க வந்திருக்கு. முன் பிறேக்கை இறுக்கிப் பிடிச்சிருக்கிறாள், சில்லு கல்லில வழுக்கிட்டுது. "ஆருக்கும் சொல்லப்படாது எண்டு ஸஜ்ஜாத்திட்ட சத்தியம் வாங்கினன் மிஸ்ஸி. வாப்பாக்குத் தெரிஞ்சா என்ன மகள் இல்ல எண்டுருவார்" எண்டாள்.

என்ர நெஞ்சில ஆறு நாளாக் கிடந்த கல்லு அப்பிடியே இறங்கினது. அதோட பத்திக்கொண்டு கோவமும் வந்தது. "அடி விசரி! பாத்றூம் எண்ட சொல்லு உனக்கு எங்கயிருந்து வந்தது?" எண்டு கத்திப்போட்டன்.

அவள் என்னை விளங்காத மாதிரிப் பாத்தாள். "வாப்பா சோறு திங்கக்க சொல்லுவாரே மிஸ்ஸி, இண்டைக்கும் ஒரு புள்ள பாத்றூம்ல விழுந்து வந்தது எண்டு. கிழமையில ஒருக்கா எண்டாலும் சொல்லுவார். அதுதான் ஆக்களுக்குக் கூட நடக்கிறது எண்டு நெனச்சன். அதச் சொன்னா வாப்பா ஒண்டும் யோசிக்கமாட்டார் எண்டு நெனச்சன்."

பாருங்கோ. அந்த மனுசன் கண்ணியமா இருந்ததால வந்த வினை. ஊரான் வீட்டு அந்தரங்கம் எண்டு, பாத்றூமுக்கு என்ன அர்த்தம் எண்டதைத் தன்ர வீட்டில ஒரு நாளும் விளங்கப்படுத்தேல்ல. அவள் வாப்பாவின்ர கொப்பியிலயே ஆகப் பாதுகாப்பான காரணம் எண்டு ஒண்டைத் தேடி எடுத்திருக்கிறாள்.

ஸஜ்ஜாதை வெளிய போட்ட கதையை நான் சொன்னவுடன, பிள்ளை கட்டிலால குதிக்காத குறை. "வாப்பாவக் கூப்பிடுங்க மிஸ்ஸி, இப்பவே கூப்பிடுங்க!" வெளிய வாங்கில பொக்கற்றைப் பொத்திப் பிடிச்சுக்கொண்டு இருந்த நானாவை நான் கையில பிடிச்சு இழுத்துக்கொண்டு வந்தன்.

"வாப்பா, ஸஜ்ஜாத் என்னத் தொடக்கூட இல்ல. நான் ஸ்கூட்டில இருந்து விழுந்தன்" எண்டாள்.

நானாவின்ர வாயில இருந்து என்ன வந்தது தெரியுமோ? "ஓட்டினவரா, பின்னால இருந்தவரா?" இருபத்தாறு வருசப் பழக்கம், என்ன செய்ய!

"ஓட்டினன் வாப்பா."

"ஹெல்மெட்?"

"போட்டன். பூட்டல்ல. கழண்டு போயிட்டுது."

"அல்ஹம்துலில்லாஹ்" எண்டார் நானா. சொல்லிக்கொண்டு அப்பிடியே சுவரோட குந்திட்டார். திரும்பத் திரும்ப அதையே சொன்னார். கண்ணால தாரை தாரையா ஓடுது, வாய் சிரிக்குது. மகள் ஸ்கூட்டியால விழுந்ததுக்கு நன்றி சொல்லி அழுத தகப்பன் இந்த உலகத்தில அவர் ஒருத்தராத்தான் இருப்பார். நானும் சேந்து அழுதனான். ட்ரொலி தள்ள வந்த ஆள் ஏதோ நடந்திட்டுது எண்டு பயந்து வாசலிலயே நிண்டிட்டான்.

கொஞ்சம் ஆறினவுடன நானாவுக்குப் பழைய குணம் எட்டிப் பாத்தது. எழும்பி நிண்டு, "அதுசரி, ஸ்கூட்டியா? ஆரக் கேட்டு ஏறினீங்க?" எண்டு துவங்கினார். எனக்குக் கோவம் ஏறிட்டுது. "நானா, வாயை மூடுங்கோ!" எண்டன். "அவள் புருசனுக்குப் பயந்து பொய் சொன்னவள் எண்டு நானும் நீங்களும் முடிவு கட்டினம். அவள் பயந்தது உங்களுக்கு. எலும்பை உடைச்சுக்கொண்டு வந்து நிண்டும் உங்களிட்ட உண்மை சொல்லப் பயம். இன்னும் கத்தப்போறியளோ?"

நானா மகளைப் பாத்தார். "ஓமா மகள்?" எண்டு கேட்டார். அவள் ஓம் எண்டு தலையாட்டினாள். அவர் அவளின்ர தலையைத் தடவிப்போட்டு, மற்ற ஆளை விலகச் சொல்லி ட்ரொலியைத் தானே தள்ளிக்கொண்டு தியேட்டர் வாசல் மட்டும் போனார்.

ஒப்பரேசன் நல்லபடியா முடிஞ்சது. காதுக்கு மேல சின்னதா ஒரு வெட்டு, உள்ளுக்குப் போன எலும்பை நெம்பி இடத்தில வைக்கிறது. கண்ணுக்கு ஒரு பழுதும் இல்லை எண்டு டொக்டர் வந்து சொல்லேக்க நானா வெளியில இல்லை. ஸஜ்ஜாதை வரச்சொல்லி மூதூருக்குப் போன் எடுத்துப்போட்டுக் கேட்டடியில போய் நிண்டிருக்கிறார்.

ஸஜ்ஜாத் பின்னேரம் வந்தான். நான் ட்யூட்டி முடிஞ்சு போற வழியில கண்டனான். நானா அவனைக் கண்டவுடன ரெண்டு கையையும் பிடிச்சார். "மகன், நான் உங்களுக்கு அநியாயம் செஞ்சிட்டன். மன்னிச்சிருங்க. ஏன் நீங்களாவது சொல்லல்ல?" எண்டார். "சத்தியம் பண்ணிட்டன் மாமா. அவதான் சொல்லணும்" எண்டான் அவன். பிறகு சேர்ட் பொக்கற்றுக்குள்ள கையை விட்டு, நாலா மடிச்ச ரெண்டு கடதாசியை எடுத்து நீட்டினான். "அண்டைக்கு எடுத்த போட்டோகொப்பி மாமா. தாறதுக்குள்ள நீங்க ஏசிப்போட்டீங்க. ரிஸ்னாட ஒப்பரேசனுக்குத் தேவைப்படும் எண்டு கவனமா வச்சிருந்தன்."

நானா அதை வாங்கினார். அந்தக் கடதாசியின்ர சங்கதி அந்தப் பிள்ளைக்குத் தெரியாது, எனக்கும் நானாவுக்கும்தான் தெரியும். அவர் மருமகனைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு அந்தக் கேட்டடியில, போற வாற சனம் எல்லாம் பாக்க, விம்மி விம்மி அழுதார். எழுதி வச்ச கடிதத்தைக் கிழிச்சதை நான் காணேல்ல, ஆனா அடுத்த நாள் பொக்கற்றில பேனையும் பென்சிலும் மட்டும்தான் இருந்தது.

அந்த அடுத்த நாள் வந்தவுடன கொப்பியை விரிச்சார். 'பாத்றூமில வழுக்கி விழுந்தது' எண்டதை ஒரு கோட்டால வெட்டினார். றப்பரால அந்தப் புள்ளியை மட்டும் அழிச்சார். மேல கீழ இருக்கிற மற்றப் புள்ளியளைத் தொடேல்ல. பிறகு வடிவான எழுத்தில எழுதினார்: ஸ்கூட்டி, மாடு குறுக்கே வந்தது. ஓட்டினவர். ஹெல்மெட் போட்டவர், பூட்டவில்லை. 'ஓட்டினவர்' எண்டதை மற்ற எழுத்தை விடக் கொஞ்சம் பெரிசா எழுதியிருந்தார். "கிண்ணியாப் பொம்புளையள்ல இதுதான் முதல் ஆள் தங்கச்சி" எண்டு எனக்குக் காட்டினார். பெருமையோ கவலையோ எண்டு எனக்கு விளங்கேல்ல.

பாத்றூமில வழுக்கி விழுந்த பிள்ளையள் இப்பவும் வருகினம். நானா இப்பவும் புள்ளி வைக்கிறார், புருசன்மார் இப்பவும் போட்டோகொப்பிக்குப் போகினம். ஒருக்காப் பிழைச்சுப்போனது எண்டதுக்காக நாங்கள் கேக்கிறதை விடேல்ல. இப்ப நான் கதவைச் சாத்திப்போட்டு ஒரு கேள்வி கூடக் கேக்கிறனான், "பிள்ளை, நீ ஆருக்குப் பயப்பிடுறாய்?" எண்டு. உள்ளங்கையையும் திருப்பிப் பாக்கிறனான்.

ரெண்டு மாசம் கழிஞ்சிருக்கும். ரிஸ்னாவுக்குக் கடைசிச் செக்கப் நாள். முகம் பழையபடி, ஆரும் சொன்னால் தவிர தெரியாது. நான் வாசலில நிக்கிறன், கேட்டுக்குள்ளால ஒரு ஸ்கூட்டி வருது. மெல்ல மெல்ல, நடக்கிற ஆக்கள் முந்திப் போகினம். ஓட்டுறது ரிஸ்னா. பின்னால, அவளின்ர அபாயாவின்ர தோளை ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு, தலையை விடப் பெரிய ஹெல்மெட்டோட அபூதாஹிர் நானா. கிண்ணியாவில இருந்து டவுன் மட்டும் மூண்டு தரம் நிப்பாட்டி மகளின்ர ஹெல்மெட் பட்டி பூட்டிக் கிடக்கோ எண்டு இழுத்துப் பாத்தாராம். பத்தாததுக்கு ஸஜ்ஜாத் கூட்டாளியின்ர மோட்டார்சைக்கிளில பின்னால காவல்.

நானாவுக்கு இறங்கக் கால் வரேல்ல. மருமகன்தான் பிடிச்சு இறக்கினான். முகம் வெளிறி, வேர்த்து ஒழுகுது. எனக்குச் சிரிப்பை அடக்க ஏலேல்ல. "என்ன நானா, பின்னால இருந்தவரோ? கொப்பியில போடவோ? பயமில்லையோ?" எண்டு கேட்டன்.

"உயிர் போயிட்டு வந்தது தங்கச்சி" எண்டார். "பரவாயில்ல. முந்தி அவ எனக்குப் பயந்தவ. இப்ப நான் அவட ஓட்டத்துக்குப் பயப்படுறன். இது நல்லம்."

சொல்லிப்போட்டு ஹெல்மெட்டைக் கழட்டப் பாத்தார். பட்டியை எப்பிடித் திறக்கிறது எண்டு தெரியேல்ல. இருபத்தாறு வருசமா எல்லாரிட்டயும் பூட்டினதோ எண்டு கேட்ட மனுசன்! நான்தான் கிட்டப் போய்க் கழட்டி விட்டனான்.